இருண்ட குடுவை

பாக்டீரியாக்கள் ஒன்றுக்கொன்று சைகை அனுப்பி எப்போது சேர்ந்து ஒளிரும் என்று கணக்குப் போட்ட பேராசிரியர், முதல்முறையாக ஆய்வகத்துக்குள் வந்தார், மூக்கைப் பொத்தியபடி.

"சே, என்னம்மா இப்படி நாறுது! சரி, விளக்கை அணை. என் கணக்குப்படி மின்னுறத நானும் பாக்கணும்."

ஆராய்ச்சி மாணவி அணைத்தாள். பாக்டீரியாக்கள் இருந்த குடுவை இருட்டாகவே கிடந்தது.

"எல்லாம் எப்பவோ செத்துப்போச்சு சார்."

"அப்போ நீ அளந்து அனுப்பின ஒளி அளவெல்லாம்?"

"கணக்கோட ஒத்துவராத அளவையெல்லாம் தப்புன்னு தள்ளினீங்க. கடுப்புல உங்க சமன்பாடு குடுத்த எண்களையே திருப்பி அனுப்பினேன். பாத்ததும் கண்டுபிடிச்சுத் திட்டுவீங்கன்னு நெனச்சேன். பிரமாதம்னீங்க."

அவர் கதவைச் சாத்தினார்.

"கட்டுரை அச்சுக்குப் போயாச்சு. வெளிய மூச்சு விடாதே. உன் பேரும் அதுல இருக்கு."

இத்தனை நாள் அந்த நாற்றத்துக்கு முகம் சுளிக்காதவளுக்கு, இப்போது குமட்டிக்கொண்டு வந்தது.