இரண்டு தரம் தட்டும் விரல்

"அந்த டெஸ்டைத் தூக்கிவிடும்," என்றான் பிரியந்தன். "அஞ்சு மணிக்கு ஆப் வெளியில போகவேணும்."

நிருஷா திரையைப் பார்த்தாள். எல்லா வரிகளும் பச்சை. ஒன்று மட்டும் தேறாமல் சிவப்பு. நேற்று மூத்த புரோகிராமர் ஒஸ்வால்ட் புதிதாகச் சேர்த்த சோதனை அது. அதற்கு அவர் வைத்திருந்த பெயர் 'அம்மா'.

வெள்ளவத்தையில் ஒரு புடைவைக் கடைக்கு மேலே இருக்கும் சிறிய நிறுவனம். டொக்டரைச் சனல் பண்ணுவதற்காக, அதாவது பார்க்க நேரம் பதிந்து காசு கட்டுவதற்காக, ஒரு மருத்துவமனைக்குச் செய்துகொடுத்த ஆப். அதன் புதிய பதிப்பு இன்று போகவேண்டும். ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கத்துக்கு ஒழுங்காகப் போகிறதா, திரும்பி வருகிறதா என்று தானாகவே தட்டிப் பார்க்கும் சோதனைகளை எழுதுவதுதான் நிருஷாவின் வேலை.

அவள் வீட்டில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் அவள்தான். இந்த வேலையை நம்பித்தான் வீடு இருந்தது. அது நிரந்தரமாவது பிரியந்தனின் கையெழுத்தில் இருந்தது.

"எங்க பிழைக்குது?" என்றான் அவன்.

"காசு கட்டுற பக்கத்தில அண்ணா. 'அடுத்து' எண்டதை ரெண்டு தரம் தட்டினா, அதே பக்கம் ஒண்டுக்கு மேல ஒண்டா ரெண்டு தரம் திறக்குது. பின்னுக்குப் போனாலும் திரும்ப அதே பக்கம்தான் வருது."

"ஏன் ரெண்டு தரம் தட்டவேணும்? எந்த விசரி அப்படித் தட்டுவா?"

பக்கத்து மேசைக் கிஷாந்த் சிரித்தான். "ஒஸ்வால்ட் அண்ணேன்ர அம்மாவாக்கும்."

"அவற்ற அம்மா செத்துக் கன வருசம். இவர் சும்மா படம் காட்டுறார்."

பிரியந்தனின் ஃபோன் மேசையில் அதிர்ந்தது. பார்த்துவிட்டுக் குப்புறக் கவிழ்த்து வைத்தான். காலையிலும் இப்படித்தான் கவிழ்த்து வைத்தான்.

சிறிது நேரத்தில் மூலையில் இருந்த ஒஸ்வால்டின் ஃபோன் அடித்தது. அவர் அவசரமாக எழுந்து படிக்கட்டுப் பக்கம் போனார்.

கிஷாந்த் கண்ணடித்தான். "கொஞ்ச நாளா இதுதான் நடக்குது. ஆரோ ஒரு பொம்பிளை. இவற்ற குரலைக் கேட்கவேணும், தேன்."

"வேலை நேரத்தில காதல். எங்களுக்கு விசர் டெஸ்ட்," என்றான் பிரியந்தன். "நிருஷா, தூக்கிட்டீரா?"

"ஒருக்கா ஓடவிட்டுப் பார்த்திட்டுத் தூக்கிறன் அண்ணா."

சோதனைக்கான ஃபோனை நிமிர்த்தி வைத்து ஓடவிட்டாள். யாரும் தொடாமலே அது இயங்கத் தொடங்கியது.

அவள் எழுதிய சோதனைகள் கண் இமைப்பதற்குள் பக்கம் பக்கமாகப் பாயும். இது பாயவில்லை. முதல் பக்கத்திலேயே வெகுநேரம் நின்றது. டொக்டர்களின் பெயர்களைக் கீழே இழுத்தது. தேடிய பெயரைத் தாண்டிவிட்டது போல மேலே இழுத்தது. ஒரு பெயரைத் தட்டியது. பிழையான டொக்டர். திரும்பி வந்தது. மறுபடி நின்றது. இப்போது சரியான பெயர். 'அடுத்து' என்பதைத் தட்டியது. தட்டுப்பட்டதா என்ற சந்தேகத்தில் இன்னொரு தரம் தட்டியது. பிறகு பின்னால் வரப் பார்த்து, வரமுடியாமல், அப்படியே நின்றுவிட்டது.

கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, எதையாவது கெடுத்துவிடுவேனோ என்று பயந்து பயந்து தட்டும் ஒரு மனுஷி அந்தக் கண்ணாடித் திரைக்குப் பின்னால் உயிரோடு இருந்தாள். சில வரி கணினி நிரலில் ஒரு ஆளை இப்படி எழுதிவைக்க முடியுமா?

"அண்ணா," என்றாள். "என்னால இதைத் தூக்கேலாது. இப்படித் தட்டுற ஆக்கள் இருக்கினம். தூக்கத்தான் வேணுமெண்டா, தூக்கினது எண்டு ரிப்போர்ட்டில எழுதுவன்."

கிஷாந்தின் சிரிப்பு நின்றது.

"உம்மட கன்ஃபர்மேஷன் பேப்பர் என்ர மேசையிலதான் கிடக்குது. தெரியும்தானே?"

"தெரியும் அண்ணா."

பிரியந்தன் படிக்கட்டுப் பக்கம் கைகாட்டினான். "அப்ப போய் அந்தக் காதல் மன்னனிட்டச் சொல்லும். அவரே திருத்தட்டும், இல்லாட்டி அவரே தூக்கட்டும்."

ஒஸ்வால்ட் படியில் உட்கார்ந்திருந்தார். கிஷாந்த் சொன்னது சரிதான். அவர் குரல் அவ்வளவு மென்மையாக இருந்தது.

"அவசரமே இல்ல. ஒருக்காத் தட்டிட்டு விரலை எடுத்திடுங்க… இப்ப என்ன பேர் தெரியுது?… இல்ல, அவர் பல் டொக்டர். மேல அம்புக்குறி இருக்கு பாருங்க, அதைத் தட்டுங்க. ஒண்ணும் உடையாது, பயப்படாதீங்க."

நிருஷா அசையாமல் நின்றாள். சற்றுமுன் ஃபோனில் பார்த்த அதே தயக்கம், அதே பிழையான டொக்டர், அதே திரும்பி வருதல். இந்த மனிதர் இந்தப் படியில் உட்கார்ந்து, காதால் கேட்டுக் கேட்டு, ஒரு விரலை அப்படியே எழுதியிருக்கிறார்.

அவளைக் கண்டதும் ஒஸ்வால்ட் ஃபோனைக் கையால் பொத்தினார்.

"அண்ணா, 'அம்மா' டெஸ்ட் விழுந்திட்டுது. பிரியந்தன் அண்ணா தூக்கச் சொல்றார். நான் மாட்டனெண்டு சொல்லிப்போட்டன்."

"தூக்க வேணாம் தங்கச்சி. பழைய ஆப்லயும் இதே பிழை இருக்கு, இவங்களும் இப்ப அந்தப் பக்கத்துலதான் மாட்டிக்கிட்டு நிக்கிறாங்க. வந்து நானே திருத்திக் குடுக்கிறேன்."

"ஆர் அண்ணா இவ?"

அவர் ஃபோனைக் காதில் வைத்தார்.

"இல்ல அன்ரி, உங்க மகன் வேணும்னு ஃபோனை எடுக்காம இருக்கல்ல. நீங்க மாட்டிக்கிற அந்தப் பக்கத்தைத்தான் பிரியந்தன் உள்ள இருந்து திருத்திக்கிட்டு இருக்கார்."