வேர்க்கிற கை

"எட்டப் போ! அந்தக் கையோட உள்ள வராத!"

பட்டுப்புழுக் கொட்டகை வாசலில் நின்று குள்ளம்மாள் போட்ட சத்தம் தெருக்கோடி வரை கேட்டது.

மல்பெரித் தழைக் கூடையோடு வந்த மருமகள் எழிலரசி அப்படியே நின்றுவிட்டாள்.

"நல்லாத் தொடைச்சுக்கிட்டுத்தான் அத்தை வந்தேன்."

"தொடைச்சியா? இங்க பாரு, மறுபடியும் ஊறுது. ஈரத் தழையத் தின்னா புழு பொழைக்குமா? நோவு வந்து மொத்தமும் சாவும். போ, வூட்டுக்குள்ள போய் உக்காரு!"

பக்கத்துத் தோட்டத்துச் செல்லி இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். "கட்டிக்கிட்டு வந்த புள்ளைய இப்படியா வெரட்டுவாங்க" என்று இண்டூர் சந்தை வரைக்கும் சொல்லிவிட்டாள். அவள் சொன்னதிலும் தப்பில்லை. கை வேர்ப்பது ஒரு குற்றமா என்ன?

எழிலரசிக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ளங்கையும் உள்ளங்காலும் வேர்க்கும். மார்கழிக் குளிரிலும் வேர்க்கும். நடந்தால் செருப்பு வழுக்கும், எழுதினால் தாளுக்கு மேல் கைக்குட்டை வேண்டும். அதற்காக அவளை யாரும் விரட்டியதில்லை, இந்த வீட்டுக்கு வரும் வரை.

மாமனார் பச்சியப்பனுக்கு வேறு கவலை.

"கூலிக்கு ஆளே வரமாட்டேங்குது. மருமவ வந்தா ஒத்தாசையா இருக்கும்னு பாத்தா, இப்படி ஆயிருச்சே" என்று புலம்புவார். ஆனால் புழு விஷயத்தில் மனைவி பேச்சைத் தட்டமாட்டார். புழு செத்தால் பிழைப்பே போய்விடும் அல்லவா.

எழிலரசி உள்ளே போய்க் கொஞ்ச நேரம் அழுவாள். அழுது முடித்ததும் குரூப் ஃபோர் பரீட்சைப் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொள்வாள். சமையல் முடிந்துவிட்டால் அவளுக்கு அந்த வீட்டில் வேறு வேலையே இல்லை.

ஓசூர் கம்பெனியில் வேலை பார்க்கும் கணவன் குரு, ஞாயிற்றுக்கிழமை வந்தபோது கொட்டித் தீர்த்தாள்.

"உங்கம்மாவுக்கு என் கைதானே பிரச்சினை? இதைச் சரி பண்ணிட்டுத்தான் எனக்கு மறுவேலை!"

குரு லீவு போட்டு, தருமபுரியில் ஒரு தோல் டாக்டரிடம் கூட்டிப்போனான்.

"இது ஒட்டிக்கிற நோய் இல்லம்மா. நெறைய பேருக்கு இருக்கு. வெளியில சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு வராம இருந்துடறாங்க" என்றார் அந்த டாக்டரம்மா.

முதலில் ராத்திரியில் பூசிக்கொள்ள ஒரு லோஷன் கொடுத்தார். அது போதவில்லை. பிறகு, தட்டில் தண்ணீர் ஊற்றி, கையையும் காலையும் அதில் வைக்கச் சொல்லி, லேசாக மின்சாரம் பாய்ச்சும் சிகிச்சை, வாரத்துக்கு மூன்று தடவை. சுருக்சுருக் என்றிருக்கும். எழிலரசி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

படிக்க வேண்டிய நேரமெல்லாம் பஸ்ஸில் போயிற்று. போகட்டும் என்றிருந்தாள். மாமியார் வாயை ஒரு தடவையாவது அடைக்க வேண்டும்!

"எதுக்குடி இந்த வெட்டி அலைச்சல்? வேர்த்தா வேர்த்துட்டுப் போவுது. எத்தினியோ பேருக்கு வேர்க்குது" என்று குள்ளம்மாள் தடுத்துக்கூடப் பார்த்தாள்.

'நான் நல்லாகறது இந்த அம்மாவுக்குப் பொறுக்கல' என்று எழிலரசி நினைத்துக்கொண்டாள்.

ஒருநாள் காலை, மாமனார் முன்னால் போய் நின்றாள். ஒரு கைத் தழையை இறுக்கிப் பிடித்திருந்து, பிறகு செய்தித்தாள் மேல் வைத்துக் காட்டினாள். தாளில் ஒரு பொட்டு ஈரமில்லை.

"பாருங்க மாமா!"

பச்சியப்பனுக்கு வாயெல்லாம் பல்.

"அட! அப்பறம் என்ன? இன்னைக்கே கொட்டகைக்கு வந்துரு. காலையில தழை பறிக்கணும், ராத்திரியும் ஒரு வேளை தழை போடணும். இனி ஆளு தேட வேண்டியதில்ல. அந்தப் பொஸ்தகத்தையெல்லாம் கட்டிப் பரண் மேல போடு."

எழிலரசிக்குத் திக்கென்றது.

"மாமா, பரீட்சைக்கு இன்னும் மூணு மாசம்தான்..."

"உன் பரீட்சைக்காவ புழு பட்டினி கெடக்குமா?" என்றபடி அவர் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

எழிலரசி வாசற்படியில் நின்றிருந்த மாமியாரைப் பார்த்தாள். தோற்றுப்போன முகம்தான். ஆனால் அதில் கோபமே இல்லை.

கொட்டகைக்குள் இரண்டு பேரும் தழை போட்டார்கள். குள்ளம்மாள்தான் முதலில் வாயைத் திறந்தாள்.

"நான் கல்யாணமாகி வந்தப்ப எனக்கு நர்ஸ் டிரெயினிங் சீட்டு கெடைச்சிருந்துச்சு. இந்தப் புழு கூடு கட்டட்டும், அப்பறம் போலாம்னாங்க. அப்ப குரு பொறக்கவே இல்ல. இன்னும் இங்கதான் நிக்கறேன்."

எழிலரசி திரும்பிப் பார்த்தாள்.

"படிக்கட்டும் வுடுங்கன்னா உங்க மாமா கேக்கமாட்டாரு. புழு செத்துரும்னா கேப்பாரு. அதான் உன் கை மேல பழியப் போட்டு வூட்டுக்குள்ள வெரட்டினேன்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அத்தை!"

"சொல்லியிருந்தா நீ அழுதிருக்க மாட்ட. நீ அழுவலன்னா அவரு நம்பியிருக்க மாட்டாரு."

குள்ளம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பரீட்சை முடியற வரைக்குமாவது அந்தக் கை வேர்த்துக்கிட்டு இருந்திருக்கக் கூடாதா, கண்ணு?"