சீட்டு செல்லாது

ஹேண்ட்பால் இறுதி ஆட்டத்துக்கு இன்னும் கால் மணி நேரம்தான். பக்காவ் நகர விளையாட்டரங்க வாசலில், ஸ்மராண்டாவிடம் டாக்டர் சீட்டை நீட்டினார் கொஸ்தெல்.

“இலிங்காவுக்குத் தொண்டை ரணமா இருக்கும்மா. கார்லயே சுருண்டு கிடக்கா. இன்னைக்கு ஒருநாள் விட்டுடும்மா.”

“மழை பெஞ்சா ஒரு சீட்டு, வெயிலடிச்சா ஒரு சீட்டு! நம்ம ஸ்கூல்ல விளையாட்டுக்கு மட்டம்போட எந்தச் சீட்டும் செல்லாதுன்னு தெரியாதா?”

“டாக்டரே எழுதிக் கொடுத்திருக்காரும்மா!”

“டாக்டரா வந்து கோல் போடுவாரு?”

சீட்டு நாலு துண்டாகப் பறந்தது. கொஸ்தெல் பதறிப்போனார். “உனக்கு இரக்கமே கிடையாதா?”

“போன வருஷம் எங்கம்மாவும் இதையேதான் கேட்டாங்க, உங்க சம்சாரத்துகிட்ட. காதுலயே போட்டுக்காம என் சீட்டைக் கிழிச்சாங்களே எங்க கோச்!” என்ற கேப்டன் ஸ்மராண்டா, உள்ளே பார்த்துக் கத்தினாள். “ஏய், வாங்கடி! டீச்சரைத் தூக்கிட்டு வந்துடலாம்!”

அதற்குள் கார் கதவு படாரென்று திறந்தது. கழுத்தில் மஃப்ளரோடு குதித்து இறங்கினாள் இலிங்கா டீச்சர். வாயைத் திறந்தாள்; காற்றுதான் வந்தது.

சட்டென்று விசிலை எடுத்து ஊதினாள்.

பழக்கதோஷம். வெளியே வந்திருந்த மொத்த அணியும் கார் நிறுத்துமிடத்தைச் சுற்றி ஓட ஆரம்பித்தது. கூடவே கொஸ்தெலும்.