கோட்டுக்கு ஒரு அடி முன்னால்

கடலோரக் குன்றுகளில் வருஷம் ஒருமுறை விலங்குகளுக்கு நெடுந்தூர ஓட்டம் நடக்கும். போன வருஷம் மணல்மேட்டில் கிழட்டுக் கிடா சறுக்கி விழுந்தபோது, பக்கத்தில் ஓடிய நாய் சிரித்துவிட்டு முந்திப் போனது. கிடா அந்தச் சிரிப்பை மனசில் முடிந்து வைத்துக்கொண்டது. அன்றிலிருந்து தினமும் முதுகில் ஈர வலையைச் சுமந்தபடி அதே மேட்டில் ஏறி இறங்கியது.

இந்த வருஷம் கிடாதான் எல்லோருக்கும் முன்னால் வந்தது. திரும்பித் திரும்பிப் பார்த்தும் நாயைக் காணோம். கடைசி இறக்கத்தில் பார்த்தால், அது எல்லைக்கோட்டருகே தண்ணீர்ப் பானையோடு நிற்கிறது.

"ஏண்டா, நீ ஓடலையா?"

"முட்டி வலி அண்ணே. இந்தத் தடவை தண்ணி ஊத்துற வேலைதான். குடிங்க."

"போன வருஷம் என்னைப் பார்த்துச் சிரிச்சியே!"

"நானா? எப்பண்ணே?"

கிடா கோட்டுக்கு ஒரு அடி முன்னால் அப்படியே நின்றுவிட்டது.

"ஒரே எட்டுதான் அண்ணே, தாண்டுங்க!"

"நீ போய் முதல்லேர்ந்து ஓடி வா. உன்னை முந்தாம தாண்ட மாட்டேன்."

கழுதை தாண்டியது. பன்றி தாண்டியது. கடைசியாக வந்த வாத்து, நிற்கிற கிடாவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே தாண்டியது.

கிடா அதன் முகத்தை நன்றாகப் பார்த்து வைத்துக்கொண்டது.