கையெழுத்து

வெட்டுக்கத்தியைக் கடை மேசைமேல் ஓங்கி அறைந்தான் ஜெனிவால். சாராயக் குப்பிகள் கிடுகிடுத்தன.

"நகராட்சிக்கு மொட்டைக் கடுதாசி போட்டது நீதானய்யா?"

கடைக்காரர் வால்மிர் இருந்த இடத்தைவிட்டு அசையவில்லை. "என்ன கடுதாசி? காலங்காத்தால கத்தியத் தூக்கிட்டு வந்து நிக்குற?"

"என் பொண்டாட்டிக்கு மாசாமாசம் அரசாங்கம் தர்ற பணம். அதை நிறுத்தச் சொல்லி எவனோ எழுதியிருக்கான். இன்னிக்கு விசாரணைக்கு வர்றாங்க."

"யோவ், அந்தப் பணத்துல பாதிய நீ இங்கதான் கொண்டாந்து குடிக்குற. அதை நிறுத்திட்டு நான் கடையைப் பூட்டிட்டுப் போகவா?"

 ஜெனிவால் கத்தியை எடுத்துக்கொண்டு வெளியே வந்து, வெயிலில் காறித் துப்பினான். போகிற வழியில் பக்கத்து வீட்டுக் கிரேவ்சாவிடமும் சண்டைக்கு நின்றான். "எனக்கு என் பேரையே எழுதத் தெரியாது, போடா குடிகாரா!" என்று அவள் விளக்குமாற்றைத் தூக்கினாள்.

பொறாமை. ஊர் முழுக்கப் பொறாமை. அவனுக்கு அப்படித்தான் பட்டது.

மூன்று வருடம் முன்பு சாவோ பாவ்லோ பக்கம் கரும்பு வெட்டப் போனவன், இரண்டு வருடத்துக்கு மேல் வீட்டுக்குக் காசும் அனுப்பவில்லை, தகவலும் அனுப்பவில்லை. மூன்று பெண் பிள்ளைகளோடு, மரவள்ளி மாவை உப்புத் தண்ணீரில் கரைத்துக் குடித்துக் கிடந்தாள் அவன் மனைவி லுசினேத். அப்போதுதான் அவள் பெயரில் உதவிப்பண அட்டை வந்தது.

எட்டு மாதம் முன்பு அவன் திரும்பி வந்தபோது வீடே மாறியிருந்தது. விறகடுப்பு போய் கேஸ் அடுப்பு. சட்டியில் தினமும் பீன்ஸ், சில நாள் முட்டையும். பிள்ளைகள் செருப்புப் போட்டுப் பள்ளிக்கூடம் போனார்கள். கொல்லையில் ஆறு ஆடுகள். அவள் மூக்கில்கூட ஒரு மூக்குக்கண்ணாடி.

"ஆட்டுக்குத் தழை போடுறவளுக்குக் கண்ணாடி ஒரு கேடா?" என்று அன்று சிரித்தான். அவள் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டாள். அவன் கல் குவாரியில் வேலைக்குச் சேர்ந்தான். சம்பளம் அவன் பையில். அவளுக்கு வரும் பணத்தில் பாதியும் அவன் பையில். தர மறுத்தால் அவள் கையை முறுக்குவான்.

பத்து மணிக்கு நகராட்சி ஜீப் வந்தது. இறங்கிய அதிகாரியம்மா வீட்டுக்குள் உட்கார்ந்து கடுதாசியைப் பிரித்தாள்.

"புருஷன் திரும்பி வந்து எட்டு மாசம் ஆச்சு. குவாரியில நல்ல சம்பளம். ஒரு காசு வீட்டுக்குத் தர்றதில்ல. உதவிப் பணத்தையும் புடுங்கிக் குடிக்கிறான்." படித்துவிட்டு நிமிர்ந்தாள். "நீங்க இந்த வீட்டுலதான் இருக்கீங்களா?"

ஜெனிவால் மனைவியைப் பார்த்தான். அவள் பீன்ஸில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இருந்தா என்ன ஆகும் மேடம்?"

"உங்க சம்பளத்தையும் குடும்ப வருமானத்துல சேக்கணும். உதவி நின்னு போகும்."

அவன் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "நான் இங்க இல்ல மேடம். நாங்க பிரிஞ்சு வருஷக்கணக்காச்சு. குவாரிக் கொட்டகையிலதான் படுக்கை. சும்மா பிள்ளைங்களப் பாக்க வந்தேன்."

"அப்படீன்னு எழுதிக் குடுப்பீங்களா?"

"எங்க போடணும் கையெழுத்து?"

அதிகாரியம்மா தாளை நீட்டினாள். "நான் சொல்லாமக் கொள்ளாம வருவேன். மறுபடி உங்களை இங்க பார்த்தா, பொய் வாக்குமூலம்னு உங்க மேலதான் வழக்கு வரும்."

"தாராளமா வாங்க!" என்று கோணல்மாணலாகப் பெயரைப் போட்டான். வணங்கி ஜீப் வரைக்கும் கூடவே போனான். அதிகாரியம்மா கிரேவ்சாவையும் விசாரிக்க அடுத்த வாசலுக்கு நடந்தாள்.

திரும்பியவன் வாசலிலேயே நின்றான். முன்னறையில் கட்டியிருந்த அவனுடைய தூளிப்படுக்கை அவிழ்ந்து, சுருட்டி, துணிமணிகளோடு ஒரு சாக்கில் இருந்தது. சாக்கு வாசற்படிக்கு வெளியே இருந்தது.

"என்னடி இது?"

"உன் சாமான். நீ குவாரிக் கொட்டகையிலதானே இருக்க?"

"பணத்தைக் காப்பாத்தத்தானடி பொய் சொன்னேன்!"

"இனிமே அது பொய்யில்ல."

அவன் கையை ஓங்கினான். அடுத்த வாசலில் நின்ற அதிகாரியம்மா இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஓங்கிய கை மெல்ல இறங்கித் தலையைச் சொறிந்தது.

"ரெண்டு நாள் போகட்டும். ராத்திரியில வந்துட்டுப் போறேன்."

"வந்தா அந்தம்மாகிட்ட நானே போய்ச் சொல்லுவேன்."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் அவனை மிரட்டியது. சாக்கைத் தூக்கித் தோளில் போட்டான்.

"எல்லாம் அந்தக் கடுதாசி போட்ட நாயால வந்தது! அவன் மட்டும் யாருன்னு தெரியட்டும்..."

கதவைச் சாத்தப் போன லுசினேத், பாதியில் நிறுத்தினாள்.

"ஊரெல்லாம் அலையாத, ஜெனிவால். நான்தான் எழுதினேன்."