உதறாமல் வைத்தது

வேனுக்கு முன்னால் வரிசை மெதுவாக நகர்ந்தது. என் கணவர் கையில் அட்டைப்பெட்டி, என் கையில் செய்தித்தாள் சுற்றிய ட்யூப்லைட், அத்தையின் கையில் ஒரு மூக்குக்கண்ணாடிப் பெட்டி.

அத்தை மூக்குக்கண்ணாடி போடுவதில்லை. உள்ளே இருப்பது வீட்டின் பழைய பாதரசத் தெர்மாமீட்டர்.

குப்பையில் போடக் கூடாத குப்பையை வாங்கிக்கொள்ள மாதம் ஒருமுறை தெருமுனைக்கு வரும் வேன் அது. நாங்கள் குடும்பத்தோடு அங்கே போய் நின்றதற்குக் காரணம் எங்கள் குளியலறை.

போன மாதம் என் கணவர் பிளீச்சையும் ஆசிட்டையும் ஒன்றாக ஊற்றித் தேய்த்தார். இரண்டையும் கலந்தால் இரண்டு மடங்கு வெளுக்கும் என்பது அவர் போட்ட கணக்கு. வெளுத்தது அவர் முகம்தான். வாயில் துண்டை வைத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து நெடுநேரம் இருமினார். அத்தை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து மனிதர் அடியோடு மாறிவிட்டார்.

இப்போது எங்கள் வீட்டில் எல்லா அழுக்குக்கும் வினிகர், சமையல் சோடா, வெந்நீர். வீடு முழுக்கப் புளித்த வாடை. குறை சொல்வதாக இருந்தால் நான் அவருடைய இடது பக்கம் நின்று சொல்லிக்கொள்வேன். கைக்குழந்தையாக இருந்தபோதே ஏதோ காய்ச்சலில் போன காது அது. குடும்பம் நடத்த ரொம்ப வசதி.

கரப்பான் மருந்து, காய்ந்த பெயிண்ட் டப்பா, பழைய பேட்டரி, மிச்ச ஆசிட் எல்லாம் அட்டைப்பெட்டிக்குப் போயின. எதையும் வேறு பாட்டிலுக்கு மாற்றாதே, சாக்கடையில் ஊற்றாதே, ஒன்றோடொன்று கலக்காதே என்று எங்களுக்குச் சட்டம் போட்டார். கலந்தது யார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அத்தை எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். தெர்மாமீட்டரை மட்டும் தர மாட்டேன் என்று பிடித்த பிடியில் நின்றார்.

இத்தனைக்கும் அதை யாருக்காவது வைத்துப் பார்த்து நான் கண்டதில்லை. புறங்கையை நெற்றியில் வைப்பார். "சுடுது" என்பார், இல்லையென்றால் "சூடு இல்ல" என்பார். அதற்குமேல் அப்பீல் கிடையாது. கல்யாணமான புதிதில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது அந்தப் பெட்டியை எடுத்தேன். திறப்பதற்குள் கையிலிருந்து வாங்கிவிட்டார். மாமியார் புத்தியைக் காட்டிவிட்டார் என்று அன்றைக்கு என் அம்மாவிடம் போனில் சொல்லி ஆற்றிக்கொண்டேன்.

என் கணவர் புது டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கிவந்து காட்டினார். அத்தை அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பழசு உடைஞ்சா என்ன ஆகும் தெரியுமாம்மா? பாதரசம் தரை இடுக்குல போய் ஒளிஞ்சுக்கும். அதோட ஆவி கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. அந்த ரூம்ல படுக்கிறவங்க நெஞ்சுக்குள்ள போயிக்கிட்டே இருக்கும்."

பெட்டி இருந்தது எங்கள் படுக்கையறை அலமாரியில்.

அத்தை மகனின் நெஞ்சைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "உனக்கும் போகுமா?"

"எல்லாருக்கும்தான்."

அவர் எழுந்துபோய்ப் பெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார். ஆனால் தன் கையால்தான் கொடுப்பேன் என்றார்.

வழி நெடுக அதைச் சாய்க்காமல் குலுக்காமல் பிடித்தபடி நடந்தார். எதிரே சைக்கிள் வந்தபோது ஒதுங்கி நின்றுவிட்டார். உடைந்துவிடும் என்ற பயம்தான் என்று நானும் நினைத்தேன்.

எங்கள் முறை வந்தது. கையுறை போட்ட வேன்காரர் அட்டைப்பெட்டியை வாங்கிப் பிரித்து வைத்தார். என் கணவர் அவருக்கும் பாதரசத்தைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு, பின்னால் நிற்பவர்களுக்கும் சொல்வதற்காகத் திரும்பினார்.

அத்தை பெட்டியை நீட்டினார்.

வேன்காரர் தெர்மாமீட்டரை எடுத்து வெளிச்சத்தில் உருட்டிப் பார்த்தார்.

"நூத்தி அஞ்சுல நிக்குதேம்மா. அதுக்கப்புறம் உதறவே இல்லையா? நாமளா உதறினாத்தான் இது இறங்கும்."

முன்பு ஆஸ்பத்திரி வார்டில் வேலை பார்த்தவராம். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, பழக்கதோஷம், மணிக்கட்டு தானாக உதறிவிட்டது. பாதரசம் அடியில் போய் உட்கார்ந்தது. ஒரு டப்பாவில் அதைப் பத்திரமாகப் படுக்க வைத்து மூடினார்.

அத்தை வெறும் பெட்டியை வாங்கிக்கொண்டார்.

நூற்றைந்து யாருக்கு வந்தது என்று நான் கேட்கவில்லை. பல வருஷமாக நான் நின்று குறை சொல்லும் பக்கத்தில்தான் அப்போதும் நின்றுகொண்டிருந்தேன்.

"என்ன சொன்னாரு அவரு?" என்று என் கணவர் திரும்பினார். காதில் விழுந்திருக்கவில்லை.

அத்தை கையைத் தூக்கினார். வரிசையில் நின்ற அத்தனை பேரும் பார்க்க, பாதி நரைத்த மகனின் நெற்றியில் புறங்கையை வைத்தார்.

"எனக்கென்னம்மா? நல்லாத்தானே இருக்கேன்."

"சூடு இல்ல," என்றார் அத்தை. கையை எடுக்கவில்லை.