கதவுக்கு இன்னொரு ஷீட்

பழைய பிக்கப் வண்டியின் கேபினில், தரைக்கும் எஞ்சின் பக்கத் தகட்டுக்கும் ரப்பர் ஷீட் ஒட்டி முடித்து நிமிர்ந்தார் மெக்கானிக்.

"இனி எஞ்சின் சத்தம் மட்டுமில்ல சார், வீட்டம்மா திட்டினாலும் உள்ள கேட்காது!"

பெரியவர் சிரிக்கவில்லை. "கதவு, கூரைக்கெல்லாம்?"

"சத்தம் வர்றதே முன்னாலேருந்துதானே? உங்க பையன் ஓட்டிப் பார்த்துட்டுச் சொல்லட்டும்."

"எல்லாப் பக்கமும் ஒட்டுப்பா."

காசைக் கரியாக்குகிறாரே என்று முணுமுணுத்தபடி ஒட்டினார் மெக்கானிக். சாயங்காலம் பெரியவர் ஏறி உட்கார்ந்தார்.

"நான் உள்ள கத்துறேன். வெளியில கேட்குதான்னு பாரு."

கதவு மூடியது. கண்ணாடிக்குப் பின்னால் அவர் வாய் அகலத் திறந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, கன்னமெல்லாம் நனைந்தது. மெக்கானிக் பதறிப்போய்க் கதவைத் திறந்தார்.

"கேட்டுச்சா?"

"லேசா... என்னாச்சு சார்?"

"பையன் விபத்துல போய் ஒரு மாசமாச்சு. வெளியூர்ல வேலையா இருக்கான்னு அவன் அம்மாகிட்ட சொல்லி வெச்சிருக்கேன். அவ இதயம் தாங்காதுன்னுட்டார் டாக்டர். வீட்டுல எனக்கு அழ இடமில்லப்பா."

மெக்கானிக் இன்னொரு ஷீட்டை எடுத்துக் கதவில் வைத்து அளந்தார்.